பதினொரு நாள் தின்ற திருநீறு

பதினொரு நாள், காலையும் மாலையும், தலை முழுகி, ஈரவேட்டியோடு கிழக்குப் பார்த்து நின்று, நான் பூஞ்சணம் தின்றிருக்கிறேன். பசியால் அல்ல. பக்தியால்.

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். போன அத்தியாயத்தில் மாமனாரின் பல்செட்டைப் பற்றி எழுதப்போய் மைத்துனர் ஒருவர் என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். இனிமேல் என்னுடைய மானத்தை மட்டும் ஏற்றுமதி செய்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். அதற்கு வேறு உரித்தாளர் இல்லை.

அது போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். மின்சாரம் எப்படி இருக்கும் என்று மறந்துபோயிருந்தோம். சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்துப் பங்குவைத்தோம். உரும்பிராயில் எங்கள் வீட்டில் நானும் ராசமும் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். ராசம் என் மனைவி. வீட்டில் மிச்ச வேலை எல்லாவற்றையும் அவள் பார்த்தாள்.

மாரி தொடங்கி மூன்றாவது கிழமை இருக்கும். விடிந்து கொஞ்ச நேரம். கிணற்றடியில் நின்று உமிக்கரியால் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். சாமியறையிலிருந்து ராசத்தின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, முருகன் படம் பூத்திருக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ.”

வாய் நிறையக் கரியோடு ஓடினேன்.

ஒரு சொல், ஏழு பொருள்

‘பூத்தல்’ என்ற சொல்லுக்கு நின்ற நிலையில் ஏழு பொருள் சொல்லக்கூடியவன் நான். மலர்தல், தோன்றுதல், பொலிதல் என்று தொடங்கினால் மணி அடிக்கும்வரை போகும். மாணவர்களும் அந்த மணிக்காகத்தான் காத்திருப்பார்கள்.

ராசம் நினைத்த பொருள் மட்டும் என் பட்டியலில் இருக்கவில்லை. அது குசினியில், அடுப்படியில், வழங்கும் பொருள். ஒடியல் பூத்திட்டுது, புளி பூத்திட்டுது, வடகம் பூத்திட்டுது என்றால், பூஞ்சணம் பிடித்துவிட்டது, எடுத்து வெயிலில் போடு என்று அர்த்தம். அவள் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணமும் எளிமையானது. படம் தொங்கிய ஆணி உயரத்தில் இருந்தது. அவளுக்கு எட்டாது. கழற்றிக் கொடுத்தால் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போயிருப்பாள்.

நான் போய் நிமிர்ந்து பார்த்தேன்.

முருகன், வள்ளி, தெய்வானை. மூன்று நெற்றியிலும், அளவெடுத்து வைத்ததுபோல, வெள்ளை. பஞ்சுபோல, பொடிபோல, தொட்டால் விரலில் ஒட்டும் மெல்லிய வெள்ளை. வேறு எங்கும் இல்லை. பக்கத்தில் நின்ற மயிலுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை.

மயிலுக்கு இல்லாததுதான் என்னை வீழ்த்தியது. தற்செயலாக வந்த ஒன்றென்றால் மயிலுக்கும் வந்திருக்க வேண்டாமா? திருநீறு யாருக்கு உரியது என்று தெரிந்த ஏதோ ஒரு சக்தியல்லவா இதைச் செய்திருக்கிறது?

சக்தியின் பெயர் ராசம். கண்ணாடிக்கு மேலே அந்த மூன்று நெற்றிக்கும் நாள்தோறும் சந்தனப் பொட்டு வைப்பவள் அவள். துணி கழுவச் சவர்க்காரம் இல்லாததால் பழைய பொட்டைத் துடைக்காமல் அதற்கு மேலேயே புதிது வைத்துவந்தாள். மாரி ஈரத்தில் அந்தச் சந்தன மேட்டில்தான் பூஞ்சணம் குடியேறியிருந்தது. மயிலுக்கு அவள் பொட்டு வைப்பதில்லை.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது நான் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கரி வழிய வழியத் தேவாரம் தொடங்கிவிட்டேன். ராசம், “அதில்லை, நான் சொன்னது…” என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். பாடும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கையால் காட்டினேன்.

கையில் கரி இருந்தது. அது அவள் சட்டையில் பட்டது. அவள் குனிந்து அதைத் தட்டிவிட்டாள்.

மூடநம்பிக்கையும் நானும்

இதில் வெட்கக்கேடான பகுதி ஒன்று உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்னர்தான் எங்கள் வாசிகசாலையில் ‘மூடநம்பிக்கைகளும் முன்னேற்றமும்’ என்று ஒன்றரை மணித்தியாலம் பேசியிருந்தேன். பல்லி சொல்வது, பூனை குறுக்கே போவது, விதவை எதிர்ப்படுவது ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கூட்டத்தில் பன்னிரண்டு பேர். நன்றியுரை சொன்னவர் நேரமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

இரண்டையும் எப்படிப் பொருத்தினேன் என்று கேட்பீர்கள். மிக எளிது. மற்றவர்களுக்கு நடப்பது மூடநம்பிக்கை. எனக்கு நடப்பது அனுபவம்.

தேவாரச் சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தவர் பொன்னுத்துரை அண்ணை. பக்கத்து வளவு வெங்காயக் கமக்காரர், முழங்கால் நோவுக்காரர். நான் அந்த நேரத்தில் பாடுகிறவன் அல்ல என்பதால் ஆருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார். படத்தைப் பார்த்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். எழும்ப முடியாமல் நானும் ராசமும் தூக்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு ராசத்துக்கு வாய் திறக்க வழி இல்லாமல் போனது. ஊருக்கு முன்னால் புருசனை விட்டுக்கொடுக்க முடியாது என்று பின்னாளில் சொன்னாள். தனியே இருக்கும்போது மூன்று தடவை சொல்லிப்பார்த்தாளாம். மூன்று தடவையும் நான் பாமர மனத்தின் ஐயவாதம் பற்றி விளக்கம் கொடுத்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் செய்திருக்கக்கூடியதுதான்.

நிலத்துக்கு மேலே ஒரு பங்கர்

அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

குண்டு போடும் விமானம், எங்கள் பேச்சில் பொம்மர், வந்துபோகத் தொடங்கியபோது ஊரெல்லாம் பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டினார்கள். உரும்பிராய்ச் செம்பாட்டு மண் வெட்டுவதற்கு இதமானது என்று பொன்னுத்துரை அண்ணை மண்வெட்டியோடு வந்து நின்றார். எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு மடங்காது. நாரிப்பிடிப்புள்ள படித்த மனிதன் என்ன செய்வான்? மாற்று வழி கண்டுபிடிப்பான். நிலத்துக்குக் கீழே போவானேன், பங்கரை மேலே கொண்டுவந்தால் என்ன?

சாமியறைக்கு ஒரே ஒரு யன்னல். அதன் வெளிப்பக்கத்தில் உரப்பைகளில் மண் நிரப்பி, நிலத்திலிருந்து தாழ்வாரம்வரை, சுவரோடு சுவராக இரட்டை வரிசையில் அடுக்கினேன். உண்மையில் அடுக்கியது பொன்னுத்துரை அண்ணை. நான் நூல் பிடித்தேன். யன்னல் கதவையும் உள்ளே ஆணி அடித்து மூடினேன். எந்தச் செல் குண்டும் இனி அந்த வழியால் வராது. காற்றும் வராது என்பதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

பெறுமதியானதெல்லாம் அந்த அறைக்குள் வந்தது. அலுமாரி, என் புத்தகங்கள், ராசத்தின் கூறைச்சேலை, கடைசியாக எங்கள் இருவரின் பாய்களும்.

பிறகு மழை வந்தது. தாழ்வாரத்தில் ஓடு ஒன்று குண்டு விழுந்த அதிர்ச்சியில் விலகியிருந்தது. அதன் தண்ணீர் நேரே மூட்டைகளுக்குள் இறங்கியது. மண் குடித்தது. மண்ணோடு ஒட்டிநின்ற சுவரும் குடித்தது. அறைக்குள் நனைந்த சாக்கின் மணம் ஒன்று வந்தது. பாதுகாப்பின் மணம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மயிலும் பூத்தது

மூன்றாம் நாள் தொடங்கி ஆட்கள் வந்தார்கள். ஒழுங்கையில் நாலு வீட்டுப் பெண்கள், பிறகு அடுத்த ஒழுங்கை, பிறகு கோப்பாய்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் இரண்டு பேர். நான் படத்துக்குக் கீழே நின்று விளக்கம் சொன்னேன். இருபது வருட ஆசிரியத் தொழிலில் யாரும் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஒருவரும் இடையில் எழும்பி வெளியே போகவில்லை. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கவில்லை. இந்த நிலைக்காக ஒருவன் கொஞ்சம் பூஞ்சணம் தின்னலாம்.

தின்றேன். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை. ருசியைக் கேட்பீர்கள். பழைய குடையை நக்கிப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

புனிதம் கலையக்கூடாது என்று அறைக் கதவையும் சாத்தியே வைத்தேன். வந்தவர்கள் சாம்பிராணி போட்டார்கள். உள்ளே நின்றால் எல்லாருக்கும் கண்ணீர் வழிந்தது. பக்திக் கண்ணீர் என்று பொன்னுத்துரை அண்ணை சொன்னார். எனக்கு மூக்கும் சேர்ந்து வழிந்தது. பக்தி அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகியது. சந்தனம் கலந்த திருநீறு என்று விளக்கினேன்.

ஐந்தாம் நாள் என் வயிறு கலங்கியது. சைவசித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரியும், அருள் பதிந்தால் மும்மலமும் நீங்கும். எனக்கு அன்று மத்தியானத்துக்குள் ஏழு தடவை நீங்கியது.

ஆறாம் நாள் மயிலுக்கும் வந்தது. நெற்றியில் அல்ல, தோகை முழுவதும். முதல் நாள் சொன்ன மயில் தத்துவத்தை அன்றோடு சத்தமில்லாமல் கைவிட்டு, அருள் அஃறிணைக்கும் இரங்கும் என்று புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தேன்.

எட்டாம் நாள் பச்சை. மயிலின் நிறமல்லவா? பத்தாம் நாள் கறுப்பு. அங்கே ஒரு கணம் தமிழ் இலக்கியம் என்னைக் கைவிடப் பார்த்தது. பிறகு பிடித்துக்கொண்டேன். நீலகண்டம். தகப்பனின் தொண்டையில் நின்ற நஞ்சு மகனின் நெற்றியில் தெரிகிறது. இந்த விளக்கத்தைக் கேட்டு ஒரு அம்மா அழுதார்.

நஞ்சு என்று என் வாயாலேயே சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முடிக்காத வசனம்

இவ்வளவு நாளும் ராசம் என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை.

அவளுக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. மூச்சு இழுக்கிற வருத்தத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கலியாணத்துக்குப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. அந்த மாரியில் முதலில் இருமல் வந்தது. மழைக்குளிர் என்றேன். பிறகு குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போகும் வழியில் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை கூடிவிட்டது என்றேன். வந்துபோகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியதும் அவள்தான்.

பொன்னுத்துரை அண்ணை வைத்தியம் சொன்னார். படத்துத் திருநீற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும். தேன் இல்லை. சீனிப்பாணியில் குழைத்து மூன்று வேளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போவாள். அறையில் படுக்கப் போனால் இழுப்பு இன்னும் கூடும். அங்கே போய்ப் படுத்தால்தான் அருள் என்று நானே அனுப்புவேன்.

ஒருவரும் குறுக்கிடாமலே ராசம் ஒரு வசனத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டது பத்தாம் நாள். இருபது வருடத்தில் அது முதல் தடவை. கடவுள் மன்னிக்கட்டும், அன்று அதை அமைதி என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் பின்னேரம் குசினி வாசலில் நிலத்தில் இருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் காதுவரை ஏற, உள்ளே ஏதோ ஒரு பழைய கதவு திறந்து மூடுவதுபோலச் சத்தம். என்னவென்று கேட்டேன்.

“காத்து…” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “காணாது.”

அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரு பொருள்தான் இருந்தது: மூச்சு போதவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

அப்போதிக்கரியார்

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை, எண்ணெய் இல்லை. கிட்ட இருந்தவர் அப்போதிக்கரி சாமுவேல். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்து, டொக்டர் இல்லாத இடத்தில் டொக்டராக இருந்து, ஓய்வுபெற்றவர். எழுபது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். மழையில் எனக்குப் பின்னால் தன்னுடைய சைக்கிளில் வந்தார். நான் இரண்டு தடவை வழுக்கினேன். அவர் ஒருதடவையும் வழுக்கவில்லை.

ராசத்தை விறாந்தைக்குக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினார். பையிலிருந்து கடைசி நாலு மருந்துக் குளிசைகள் சுற்றிய ஒரு கடதாசிச் சரையை எடுத்து, ஒன்றைக் கொடுத்தார். சுடுதண்ணீர் கேட்டார். அவளோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விட்டுக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு எங்கே படுக்கிறவ என்று கேட்டார். சாமியறைக் கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார்.

“மாஸ்ரர், இதுக்கை என்ன செத்தது?”

எனக்குக் கோபம் வந்தது. வேதக்காரர்தானே, எங்கள் சமயத்தில் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். பதினொரு நாள் நடந்ததை, மயில் உட்பட, தகுந்த மேற்கோள்களோடு விளக்கினேன். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உள்ளே வந்து படத்தைக் கிட்டப் பார்த்தார்.

“ஆர் இதைத் திண்டது?”

பதில் விறாந்தையிலிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு ராசம் சொன்னாள், “இவர்… மட்டும்தான்… ஐயா. நான் தாறதை… வாங்கி… வாழைக்குப்… போடுறனான்.”

நான் அப்போதும் விடவில்லை. இது எங்கள் சமய விசயம், மருந்துக்காரர் தலையிடக்கூடாது என்றேன்.

“சமயம் உம்மடை, மாஸ்ரர். நெஞ்சு அவவின்ரை.”

நான் அடுத்த மேற்கோளைத் தேடுவதற்குள் அவர் அலுமாரியடிக்குப் போய்விட்டார்.

கையைக் கொடுக்கச் சொல்லி அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நாரிப்பிடிப்பை மறந்து நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். சுவரிலிருந்து இழுத்தோம். பின்னால் சுவர் இல்லை. நிலத்திலிருந்து என் நெஞ்சு உயரம்வரை கறுப்பு. ஓரத்தில் பச்சை, ஆங்காங்கே வெள்ளைப் பஞ்சு. மழை ஈரம் பளபளத்தது. பக்கத்தில் ராசத்தின் பாய் சுருட்டிக் கிடந்தது. அவளுடைய தலைமாடு சரியாக அந்த இடம்.

அலுமாரியின் மேல்தட்டில் என் கையெழுத்துக் கட்டுகள். எல்லாவற்றிலும் செழிப்பாகப் பூத்திருந்தது ‘மூடநம்பிக்கைகளும் முன்னேற்றமும்’.

முருகனோடு தனக்கு ஒரு கோபமும் இல்லை என்றார் அப்போதிக்கரியார். அவரும் பாவம், காற்றில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறார் என்றார்.

சாரையும் நாகமும்

படித்தவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தோற்றபிறகும் ஒரு விசயம் கையில் வைத்திருப்பான். பெனிசிலின் பூஞ்சணத்திலிருந்துதானே வந்தது, அப்படியென்றால் நான் தின்றது ஒருவகையில் மருந்துதானே என்று கேட்டேன்.

“சாரையும் பாம்பு, நாகமும் பாம்பு. சாரை எலி பிடிக்கும் எண்டிட்டு நாகத்தை அரிசிப்பானைக்கை விடுவீரோ?”

பிறகு விளங்கப்படுத்தினார். அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் ஏறும். பலருக்குத் தும்மல், கண்கடி, இருமலோடு போய்விடும். வயிற்றைக் கலக்கியதோடு நான் தப்பியது என் அதிர்ஷ்டம். ஆனால் தொய்வுக்காரரின் நெஞ்சுக்கு அது எதிரி, மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். காற்று ஓடாத அறை, நனைந்த சுவர், அதோடு சாம்பிராணிப் புகை. எரிகிற வீட்டில் எண்ணெயும் ஊற்றியிருக்கிறீர் என்றார். எண்ணெய் கிடைக்காத காலத்தில் அந்த உவமை கொஞ்சம் உறைத்தது.

மிச்சம் மூன்று குளிசை. அதுவும் முடிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. அந்த அறையை விட்டு ராசத்தை வெளியே எடுக்கவேண்டும். யன்னலைத் திறக்கவேண்டும். மண்மூட்டைகளை எடுக்கவேண்டும்.

இங்கேதான் நான் உண்மையில் பயந்தேன். சிரிப்புக்கு எழுதவில்லை. அந்த மூட்டைகளைப் பார்த்துத்தான் நான் பயமில்லாமல் படுத்தேன். நாரிப்பிடிப்பெல்லாம் வெறும் சாக்குப்போக்கு, குழிக்குள் இறங்கவும் பயம், வெளியில் நிற்கவும் பயம். அதனால் கட்டிய சுவர் அது. பொம்மர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என்னை முதன்முறையாகக் கேலியில்லாமல் பார்த்தார்.

“பொம்மர் வருமோ வராதோ தெரியாது. உது வந்திட்டுது,” என்று கறுத்த சுவரைக் காட்டினார்.

மண்

மறுநாள் காலை வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று சொன்னேன், அது திருநீறு இல்லை, பூஞ்சணம், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று. ஒன்றரை மணித்தியாலம் பேசக்கூடியவன் அன்று ஒரு நிமிடத்தில் முடித்தேன். யாரும் ஏசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நீலகண்டத்துக்கு அழுத அம்மா மட்டும், அழுததைத் திருப்பி எடுக்க ஏலாது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுத்துரை அண்ணை கடைசிவரை நின்றார். படத்துப் பொடியை ஒரு சரை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்.

“நான் தின்னேல்லை, மாஸ்ரர். முழங்காலிலை பூசினனான். இனி முழங்காலும் பூக்குமோ?”

பூக்காது, கழுவினால் போதும் என்றேன். அந்த விசயத்தில் எனக்கு எந்த அறிவும் இல்லை. ஆனால் அவர் நம்பிக்கையோடு போய், கழுவிக்கொண்டு, மண்வெட்டியோடு திரும்பி வந்தார்.

அப்போதிக்கரியார் சொன்னபடி செய்தோம். மூக்கையும் வாயையும் நனைத்த துணியால் கட்டிக்கொண்டோம். ராசம் விறாந்தையின் தூரக் கோடியில். மூட்டைகளை இழுத்தபோது அடியிலிருந்தவை கையோடு கிழிந்து சேறாகக் கொட்டின. உள்ளே நாலு தவளை, வேர்கள், ஒரு பூசணிக் கொடி. எங்கள் வீட்டுப் பாதுகாப்பைச் சாப்பிட்டுக்கொண்டு அவை சந்தோசமாக இருந்திருக்கின்றன. ஆணிகளைப் பிடுங்கி யன்னலைத் திறந்தோம். விலகிய ஓட்டைச் சரிசெய்தோம். சுவரை உலரத் துடைத்தால் தூள் பறக்கும் என்று ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியை எரித்தோம். பாய் இரண்டும் நெருப்புக்குப் போனது. சுவர் காய்ந்தபிறகு சுண்ணாம்பு, இரண்டு பூச்சு.

ராசம் கதிரையில் இருந்தபடியே கையால் வேலை நடத்தினாள். இடக்கை அசைந்தால் நான் பிழை. வலக்கை அசைந்தால் பொன்னுத்துரை அண்ணை பிழை. இடக்கைதான் நோவெடுத்திருக்கும்.

முருகன் படத்தைக் கழற்றித் துடைத்துப் புதுச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினோம். எட்டும் உயரத்தில். அந்தக் கிழமை முடியமுன் வளவு மூலையில் உண்மையான பங்கர் ஒன்றும் வெட்டினோம். செம்பாட்டு மண் வெட்டுவதற்கு இதமானதுதான். நான் வெட்டிய பகுதி எது என்று சொல்வது எளிது. மழை பெய்ததும் அது இடிந்துவிட்டது.

மிச்சமிருந்த மூன்றில் கடைசிக் குளிசையைத் தொடவேண்டி வரவில்லை. சுவரும் சுண்ணாம்பும் நன்றாகக் காய்ந்தபிறகு, புதுப்பாயில், திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் ராசம் படுத்தாள்.

விடிந்ததும் நான் எழும்பி வந்தபோது அவள் கிணற்றடியில் நின்றாள். துலாவை இழுத்து, வாளியைச் சரித்து, நிற்காமல் குசினிவரை நடந்தாள். வாழை மரத்தைப் பிடிக்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். பதினொரு நாள் பிழையும் பல நாள் வேலையும் என் கணக்கில் நேராகிவிட்டதாக எனக்குள் ஒரு எண்ணம். இப்போது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அடுப்படியில் நின்றேன். வராததால் நானே கேட்டேன், மூச்சு எப்படி என்று.

அடுப்பை ஊதினாள். ஒரே மூச்சில் பற்றியது.

“மூச்சுக்கு ஒரு குறையுமில்லை,” என்றாள். “ஆனா, இவ்வளவு நாளும் என்ரை இழுப்புச் சத்தத்திலை உங்கடை குறட்டை கேக்காமல் கிடந்தது.”